மூன்றாவது ரீடிங்

ஜூன் 19

அன்புள்ள கழுகாருக்கு,

வணக்கம். ஊருக்கு நலமாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்க வேண்டிய கடிதம் இது. ஒன்பது நாள் தாமதமாகக் கேட்கிறேன். நான்கு முறை எழுதி நான்கையும் கிழித்தேன். இடையில் மூன்று முறை உங்கள் மகள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டு முறை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை உங்கள் மகள் எடுத்து, "அப்பா தூங்குறார் மாமா" என்றாள். அப்போது காலை பதினொரு மணி. இருபத்தொன்பது வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

என் மனைவி சொல்கிறாள், "ஒண்ணு நேர்ல போய் நில்லுங்க, இல்லன்னா சும்மா இருங்க. இப்படி எழுதி எழுதிக் கிழிச்சா குப்பைக்கூடைதான் ரொம்பும்." அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நேரில் வந்து நிற்கும் தைரியம் எனக்கு இல்லை. வந்தால் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டு, நீங்கள் பதில் சொல்வதற்குள் திரும்பிவிடுவேன்.

ஆறாம் தேதி மாலை அந்த நிகழ்ச்சியில் நான் பேசியது தவறு. எந்த அளவுக்குத் தவறு என்று என்னால் சரியாகக் கணிக்க முடியவில்லை. ஒன்பதாம் தேதி கண் பரிசோதனைக்குப் போகச் சொல்லி மேலாளர் அம்மா உங்களுக்குக் கடிதம் கொடுத்தார். பத்தாம் தேதி நீங்கள் லீவு எழுதி வைத்துவிட்டு என் மேசையைக் கடந்து போனீர்கள். நான் தலையைத் தூக்கவில்லை. உங்கள் டீக் குவளை இன்னும் ஜன்னலோரத்தில் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன்.

உங்கள் நாற்காலியில் இப்போதைக்கு முத்திரை அடிக்கும் ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ரீடிங் எடுக்கிறார். எதைக் கேட்டாலும் "எல்லாம் ஓகே சார்" என்கிறார். எனக்குத் தலை வலிக்கிறது.

ஒரே ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தங்கள்,
மரங்கொத்தி


ஜூன் 27

மரங்கொத்திக்கு,

உன் கடிதம் வந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. மகள்தான் உரக்கப் படித்துக் காட்டினாள். மாப்பிள்ளை பக்கத்தில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமும் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

கண் விஷயத்தை நான் இவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. லீவு நிறைய மிச்சம் இருந்தது, வந்தேன் என்று சொல்லியிருந்தேன். முதலில் ஆபீஸுக்கு அறிவித்தாய், இப்போது வீட்டுக்கும் அறிவித்துவிட்டாய். பாக்கி யாராவது இருந்தால் சொல், விலாசம் தருகிறேன்.

மகள் அன்று சாயங்காலத்திலிருந்து என் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிப் போடுகிறாள். "அப்பா, வலது பக்கம் சாதம்." எனக்குத் தெரியாதா? ஆனால் சும்மா இருக்கிறேன். பேசவே அலுப்பாக இருக்கிறது.

இனி எழுதுவதானால் பெரிதாக எழுது. தடிப் பேனா. ஒரு வரியில் நாலு வார்த்தைக்கு மேல் வேண்டாம். அப்போதுதான் நானே படிக்க முடியும். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

கோபமா என்று கேட்காதே. கோபப்பட ஒரு தெம்பு வேண்டும்.

குவளையை எடுத்து உள்ளே வைக்காதே. இருந்த இடத்தில் இருக்கட்டும்.

(பெயர் எழுத இடமில்லை. யார் என்று தெரியும்.)


ஜூலை 2

அன்புள்ள கழுகாருக்கு,

தடிப் பேனா வாங்கிவிட்டேன். பழைய கிராஃப் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நான்கு வார்த்தை தாண்டாமல் எண்ணி எண்ணி எழுதுகிறேன். தாண்டியிருந்தால் மன்னிக்கவும்.

மகள் படிக்க நேரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இரண்டு வருடமாக எல்லா நேரமும் உங்கள் கண்ணைப் பற்றியே யோசித்தவன், கடிதம் எழுதும்போது மட்டும் மறந்திருக்கிறேன். என்னை எனக்கே புரியவில்லை.

ஆபீஸ் செய்தி சொல்கிறேன். கடந்த இரண்டு வருடத்தில் நாம் இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய, அழுத்தம் காட்டும் கேஜ்களை எல்லாம் திரும்ப வரவழைத்துச் சோதிக்கப் போகிறார்கள். பாய்லருக்குப் போனவை, சிலிண்டருக்குப் போனவை, ஆஸ்பத்திரிக்குப் போனவை எல்லாம். மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்களை நான் சந்தேகப்படல சார். ஆனா ரெண்டு பேர் பார்த்ததா எழுதியிருக்கோம். ஒருத்தர்தான் பார்த்திருக்கீங்க. எனக்குத் தூக்கம் வரல" என்றார். அவருக்கு உங்கள் மகள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எல்லோருமே களைத்திருக்கிறோம்.

உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். சரியா தவறா என்று தெரியவில்லை. மூன்று நாள் யோசித்துத்தான் கேட்கிறேன்.

நம் மேசைக்கு மேலே சுவரில் ஒரு விதி ஒட்டியிருக்கிறதே. ஒரு கேஜின் முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று இருவர் பார்த்துத் தனித்தனிச் சீட்டில் எழுத வேண்டும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு சீட்டையும் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். ஒரு கோட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது ரீடிங் எடுக்க வேண்டும். அந்த மூன்றாவதுதான் சான்றிதழில் ஏறும்.

அந்த மாலையையும் அப்படியே செய்வோமா? நீங்கள் பார்த்ததை நீங்கள் எழுதுங்கள். நான் பார்த்ததை நான் எழுதுகிறேன். இருவரும் பன்னிரண்டாம் தேதி தபாலில் போடுவோம். என் கடிதம் உங்களுக்கு வரும் முன் உங்கள் கடிதம் கிளம்பியிருக்கும். நான் விதியை மீறியவன். அதே விதியைக் காட்டிக் கேட்க எனக்கு உரிமை இல்லைதான். ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தங்கள்,
மரங்கொத்தி


ஜூலை 6

மரங்கொத்திக்கு,

பதினாறு தாள். தபால்காரர் புத்தகம் என்று நினைத்துக் கையெழுத்துக் கேட்டார். படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. ஆனால் நானே படித்தேன்.

உன் பைத்தியக்கார யோசனை உன்னைத் தவிர யாருக்கும் வராது. மற்றவர்கள் சண்டை போட்டால் நாலு வார்த்தை திட்டிவிட்டு விடுவார்கள். நீ சண்டைக்கும் சீட்டு எழுதச் சொல்கிறாய்.

சரி. பன்னிரண்டாம் தேதி. பென்சில் தட்டாமல் எழுது.


ஜூலை 12

அன்புள்ள கழுகாருக்கு,

இது என் சீட்டு. முடிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆறாம் தேதி மாலை ஆறரைக்கு நாம் ஆறு பேர் போனோம். மேலாளர் அம்மா, முத்திரைக்காரர், பேக்கிங் பிரிவுப் பெண்கள் இருவர், நீங்கள், நான். "வருஷம் முழுக்க முள்ளைப் பார்த்துப் பார்த்து எல்லாரும் முள்ளு மாதிரியே ஆயிட்டீங்க. ஒரு நாள் வெளியே போவோம்" என்று மேலாளர் அம்மாதான் ஏற்பாடு செய்தார். எனக்கு வர விருப்பமில்லை. நீங்கள், "வாய்யா, வீட்ல இருந்தா மட்டும் என்ன கிழிக்கப் போற" என்றீர்கள்.

பழைய மரச்சாமான் கிடங்கு. வார்னிஷ் வாசனை போகவில்லை. மேடை கிடையாது, ஒரு கம்பளம்தான். கறுப்பு உடையில் ஐந்து நடிகர்கள், ஓரமாக ஒரு பெண் முரசோடு. நெட்டையான ஒரு அம்மாள் நடுவில் வந்து நின்று, "எங்ககிட்ட நாடகம் எதுவும் கிடையாது. உங்க வாழ்க்கைல நடந்தது ஒண்ணைச் சொல்லுங்க, அப்படியே நடிச்சுக் காட்டுறோம். யாரும் சொல்லலன்னா எல்லாரும் சும்மா உட்கார்ந்துட்டுக் கிளம்பலாம்" என்றார். பேர் எழுதிய சீட்டுகளைப் போட ஒரு சிவப்பு வாளி சுற்றி வந்தது. நான் போடவில்லை. இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் முத்திரைக்காரர் பேர் வந்தது. அவர் ஒருமுறை மை காயாத முத்திரை மேல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு, பின்பக்கம் "தேறவில்லை" என்ற எழுத்தோடு பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்த கதை. ஐந்து பேரும் ஒரு முழு பஸ்ஸாக மாறினார்கள். குலுங்கினார்கள், பிரேக் போட்டார்கள், எழுத்தைப் படிக்க எட்டி எட்டிப் பார்த்தார்கள். மேலாளர் அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. நீங்கள் என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தீர்கள். நான் வந்ததும் நல்லதாகிவிட்டது என்று தோன்றியது. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படித் தோன்றியது.

அடுத்து அந்த அம்மாள் ஒரு சீட்டை எடுத்துத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார். "யாரு எழுதினது இது? கோழி கிளறின மாதிரி இருக்கே" என்றார். எழுத்துக் கூட்டி வாசித்தார். என் பேர்.

என்னைத் தள்ளிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "உங்க வேலைல நடந்த ஏதாவது ஒரு சின்ன விஷயம் சொல்லுங்க ஐயா. யாருக்கும் தெரியாத விஷயமா இருந்தா இன்னும் நல்லது" என்றார். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் எவ்வளவோ இருக்கும். என் தலையில் வேறு ஒன்றுமே இல்லை. இரண்டு வருடமாக எனக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு ஊரில், எனக்குத் தெரிந்த ஒரு ஆபீஸில், என்று ஆரம்பித்தேன். கருவியின் முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று இருவர் தனித்தனியே பார்க்கும் வேலை. அதில் ஒருவர் கண் மங்கிவிட்டது. ஒருநாள் இருவர் சீட்டுக்கும் ஆறு கோடு வித்தியாசம். மறுநாள் எட்டு. மூன்றாம் நாளிலிருந்து மற்றவர் பென்சிலால் மேசையில் தட்ட ஆரம்பித்தார். மழுங்கிய முனையால் ஒரு தட்டு என்றால் ஐந்து கோடு. கூர்முனையால் ஒரு தட்டு என்றால் ஒரு கோடு. அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அவர் தானாகப் புரிந்துகொண்டார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆபீஸில் எல்லோரும் அதைப் பதற்றத்தில் வந்த பழக்கம் என்று நினைத்து, தட்டுகிறவருக்கு மரங்கொத்தி என்று பேர் வைத்தார்கள்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

நடிக்க ஆரம்பித்தார்கள். ஒல்லியான ஒரு நடிகை கேஜாக நின்றாள். அவள் கைதான் முள். தொப்பை போட்ட ஒருவர் மரங்கொத்தி. தலையை வழித்த இளைஞன் கண் மங்கியவர். அவன் கைகளை நீட்டித் துழாவிக்கொண்டு வந்து, கேஜின் மூக்கைப் பிடித்துத் திருகினான். அவள் தும்மினாள். கிடங்கே சிரித்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீங்கள் எழுந்தீர்கள். ஒவ்வொரு நாற்காலி முதுகாகத் தொட்டு, எண்ணிக்கொண்டே கதவு வரை போனீர்கள். அடுத்து எழுதப் போவது உங்களை வருத்தும். ஆனால் சீட்டில் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். மேலாளர் அம்மா பின்னால் என்னிடம் சொன்னார்: "நீங்க சொன்ன கதை ஒண்ணும் எனக்குப் புரியல சார். கற்பனைன்னு நினைச்சேன். அவர் எழுந்து போன விதத்தைப் பார்த்துத்தான் புரிஞ்சுது." அது நம் இருவர் கதைதானா என்று ஒன்பதாம் தேதி காலை அவர் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு வார்த்தைதான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் போன பிறகு அவர்கள் நடித்ததை நான் பார்த்துவிட்டேன்.

நீங்கள் போனதும் முரசு நின்றுவிட்டது. அந்த இளைஞன் துழாவுவதை விட்டுவிட்டு மரங்கொத்தியின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். மரங்கொத்தி அவன் முழங்காலில் தட்டினார். அவன் தலையாட்டினான். தட்டினார், தலையாட்டினான். தட்டுவது மெதுவாகிக்கொண்டே வந்தது. கடைசியில் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு களைப்பு அவர்கள் முகத்தில். அவர்களுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. சிவப்புக் கோட்டைத் தாண்டியது, நடுங்கியது. பார்க்க யாரும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

என் பேர் எழுதிய சீட்டை அந்த அம்மாள் ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார். என் சட்டைப்பையில் இருக்கிறது. அது யார் கையெழுத்து என்பதை நான் இதில் எழுதவில்லை.

இவ்வளவுதான் என் ரீடிங்.

மரங்கொத்தி


ஜூலை 12

மரங்கொத்திக்கு,

இது என் சீட்டு. எனக்கு வரிசையெல்லாம் வராது.

கண்ணால் பார்த்ததைச் சொல் என்றால் என்னிடம் அதிகம் இல்லை. கறுப்பாக ஏதோ அசைந்தது. அவ்வளவுதான். காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

வாளி வந்தது. முத்திரைக்காரன் என் கையில் சீட்டும் பேனாவும் கொடுத்து, "எழுதுங்க சார்" என்றான். என் பேரை எழுதத்தான் வாங்கினேன். என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்காதே. எழுதும்போது உன் பேரை எழுதிவிட்டேன். விளையாட்டுக்குத்தான். நாலு பேருக்கு முன்னால் நீ வேர்த்து வழிவதைக் கேட்கலாம் என்று. அப்படித்தான் மகளிடம் நேற்று சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டு வருஷம். காலையில் எழுந்ததும் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். நேற்றைவிட மோசமா என்று. அப்புறம் சவரம், அப்புறம் பஸ், அப்புறம் உன் பக்கத்தில் உட்கார்ந்து நீ தட்டுவதை எழுதுவது. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. என் வாயால் சொல்ல முடியவில்லை. நீயாவது சொல்லித் தொலைப்பாய் என்று நினைத்தேனோ என்னவோ. சத்தியமாகத் தெரியவில்லை. சீட்டில் எழுத வேண்டும் என்று நீ கேட்டதால் எழுதுகிறேன்.

அதனால் நீ சொன்னதற்காக நான் எழுந்து போகவில்லை. அதைத் தெரிந்துகொள். நீ சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு லேசாகிக்கொண்டுதான் வந்தது. நீ நன்றாகச் சொன்னாய். திக்கவில்லை.

அப்புறம் நடிப்பு ஆரம்பித்தது. எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் முத்திரைக்காரனைக் கேட்டேன், "என்ன பண்றான்?" அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கண்ணு தெரியாதவன் மாதிரி தடவுறான் சார், மூக்கைப் புடிச்சுட்டான்" என்றான். சரி, நடிகன், அவன் பிழைப்பு அது. ஊரான் சிரித்தால் எனக்கென்ன.

ஆனால் அதற்குள் உன் சிரிப்பு கேட்டது. இருபத்தொன்பது வருஷத்தில் நீ வாய்விட்டுச் சிரித்து நான் நாலு தடவை கேட்டிருப்பேன். கீச்சென்று, கதவுக் கீல் மாதிரி. ஐம்பது பேர் சிரித்தாலும் அதைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவேன். கண் போன பிறகு இந்தக் காது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. நீ சிரித்தாய்.

உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு அது வேடிக்கையில்லை என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் நான் இருக்கவில்லை. பதினோரு நாற்காலி, பிறகு கதவு. அதற்குப் பின் என்ன நடந்தது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

இவ்வளவுதான்.


ஜூலை 19

அன்புள்ள கழுகாருக்கு,

உங்கள் சீட்டு வந்தது. இந்நேரம் என்னுடையதும் உங்களிடம் இருக்கும்.

கையெழுத்து விஷயத்தில் இருவர் ரீடிங்கும் ஒத்துப்போகிறது. அந்தச் சீட்டை அன்று அந்த அம்மாள் எடுத்த உடனேயே எனக்குத் தெரியும். ஒரே மேசையில் எழுதும் இன்னொருவர் கையெழுத்து எனக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் அதை வைத்து உங்கள் மேல் பழியைப் பாதி இறக்கிவிடலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு இடத்தில் ஒரு கோட்டுக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

நான் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் சீட்டில் அது இல்லை. மறைக்கவில்லை. எனக்கு ஞாபகமே இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்திருந்தது ஞாபகம் இருக்கிறது, வார்னிஷ் வாசனை ஞாபகம் இருக்கிறது. இரண்டு நாள் உங்களுக்குத்தான் தவறாகக் கேட்டிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் முத்திரைக்காரரிடம் கேட்டேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டு, "என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க. அதுக்கப்புறம்தான் மத்தவங்க" என்றார்.

முதலில் சிரித்தது நான்.

ஏன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நல்ல காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தொப்பைக்காரர் தட்டிக்கொண்டு நின்ற விதம் அப்படியே என்னைப் போல இருந்தது என்று எழுதலாம். அது பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படியோ வெளியே வந்துவிட்டது என்றும் எழுதலாம். எதுவாக இருந்தாலும், நீங்கள் துழாவுவதைப் பார்த்து நான் சிரித்தேன். அதை என் சீட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.

திரும்பி வந்த கேஜ்களில் அறுநூறு சோதித்துவிட்டார்கள். ஒன்பது தவறு. ஒன்பதும் என் ரீடிங். நான் முள்ளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்திருக்கிறேன், நேரே பார்க்கவில்லை. உண்மையான இரண்டாவது ஆள் இருந்திருந்தால் சீட்டைத் திருப்பும்போதே தெரிந்திருக்கும். நான் தட்டியதால் இரண்டு சீட்டிலும் ஒரே தவறு ஏறியது. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒன்பதில் இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவை. இதை எழுதும்போது எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, என்னைச் சரிபார்க்க இருந்த ஒரே ஆளை நான் இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

மேலாளர் அம்மாவிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார். "ரீ-டெஸ்டிங் முடியற வரைக்கும் இருங்க. அப்புறம் உங்க இஷ்டம். அவரையும் வரச் சொல்லுங்க. கண்ணு போனா என்ன, கேஜுக்கு அழுத்தம் ஏத்த பம்ப் அடிக்கறதுக்கு அவரை மாதிரி கை இங்க யாருக்கும் இல்ல" என்றார். இதை உங்களுக்கு எழுதும்படி சொன்னார், எழுதுகிறேன். வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

வித்தியாசம் வந்தால் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது ரீடிங் எடுக்க வேண்டும். விதியை நான்தான் நினைவூட்டினேன். அதை எப்படிச் செய்வது என்று தெரியாமல் நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கள்,
மரங்கொத்தி


ஜூலை 26

மரங்கொத்திக்கு,

உன் இரண்டு கடிதத்தையும் நாலைந்து நாளாகப் படிக்கிறேன். பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தின் கடைசித் தாளை மட்டும் மூன்று தடவை படித்தேன். இரண்டு பேரும் சாய்ந்து தூங்கினார்களா? முள் பாட்டுக்கு ஏறியதா? அதைப் பார்க்காமல் வந்துவிட்டேனே. நான் அங்கே இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன், அது வேறு.

மகள் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நடுப்பார்வை போய்விட்டது, ஓரம் மட்டும் மிச்சம், அது இருக்கும் என்றார். ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில் வேறு எதையாவது பார்க்க வேண்டுமாம். உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் இனி உன் காதைப் பார்க்க வேண்டும். முத்திரைக்காரனிடம் சொல், எனக்கு இனி "தேறவில்லை" முத்திரை குத்திவிடலாம், பஸ்ஸில் போய்க் காட்டுகிறேன்.

ஒன்பது கேஜ் விஷயம். என் சீட்டில் நான் எழுதாத ஒன்று இருக்கிறது, இப்போது எழுதுகிறேன். பம்ப் அடிப்பது நான்தானே. அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கைக்குத் தெரியும். நீ தட்டியது தப்பு என்று சில தடவை கை சொன்னது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒன்பது இருக்கலாம். "மறுபடி பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் நீ தட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு நீ தட்டியதை எழுதினேன். ஆகவே ஒன்பதையும் உன் கணக்கில் வைத்துக்கொண்டு அழாதே. உனக்கு எல்லாவற்றையும் தனியாகத் தூக்கிக்கொள்ளும் ஆசை அதிகம்.

சிரித்த விஷயம். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன் மேல் கோபமாக இருந்தேன். அவ்வளவு தெம்பு வந்துவிட்டதே என்று எனக்கே ஆச்சரியம். "நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க" என்று அவன் சொன்னதை நீ எழுதாமல் விட்டிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியப் போகிறது? எழுதிவிட்டாய். சரி.

மகள் நேற்று கடைத்தெருவில் ஒரு போஸ்டர் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அதே கும்பல் இந்த ஊருக்கு வருகிறது. ஆகஸ்ட் 2, சாயங்காலம் ஆறு மணி, பள்ளிக்கூட ஹால். அவளிடம் டிக்கெட் வாங்கச் சொல்லிவிட்டேன். நாலு. அவள், மாப்பிள்ளை, நான், நீ. நீ காலை ரயிலில் ஏறினால் மதியம் வந்துவிடலாம். மன்னிப்பை வாசலில் நின்று கேட்காதே, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா. தடிப் பேனாவை எடுத்து வா. வாளி வரும்போது சீட்டில் என் பேரை நீ எழுது. அந்த அம்மாளுக்கு வாசிக்கிற மாதிரி எழுது.

இந்தத் தடவை நான் போய் உட்கார்ந்து சொல்கிறேன். தட்டினவனைப் பற்றியும் சொல்வேன், கை சொன்னதைச் சொல்லாதவனைப் பற்றியும் சொல்வேன். ஊர் பேரெல்லாம் மாற்ற மாட்டேன். முடிந்த பிறகு திங்கட்கிழமை ஆபீஸுக்குச் சேர்ந்து போவோமா வேண்டாமா என்று பார்ப்போம். குவளை அங்கேயே இருக்கிறது அல்லவா?

ஒன்று மட்டும். நீ எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று அங்கிருந்து எனக்குத் தெரியாது. அன்று அவன் கேஜின் மூக்கைப் பிடித்ததை நான் சொல்லும்போது சிரி. எனக்குக் கேட்கிற மாதிரி சிரி. அப்போதுதான் எந்தப் பக்கம் பார்த்துப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கழுகு